எட்டாவது பயிற்சி

"இன்னும் எந்தப் பயிற்சி அம்மணி பாக்கி எனக்கு?"

கேட்டுக்கொண்டே சென்னியப்பன் வண்டியை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை.

கோகிலவாணி தன் கோழிப் பண்ணை வாசலில் தண்ணீர்த் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். ஆனாலும் சுத்துப்பட்டுப் பண்ணைக்காரர்களெல்லாம் யோசனை கேட்டு வருவது அவளிடம்தான்.

"ஏழு பயிற்சி முடிச்சாச்சு அம்மணி. தீவனத்துக்கு ஒண்ணு, தடுப்பூசிக்கு ரெண்டு, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கறேன். நேத்து நாப்பது குஞ்சு செத்துச்சு. இன்னிக்கு அறுபது! ஏற்கனவே ரெண்டு பேட்ச் போச்சு. இதுவும் போச்சுன்னா கொட்டகையைப் பிரிச்சுப் போட்டுட்டு மறுபடியும் மில்லு வேலைக்குத்தான் போகோணும். இந்த வயசுல எவன் சேத்துக்குவான்?"

"பயிற்சியில நீங்க எங்கண்ணா உக்காந்தீங்க?"

"முன் வரிசையில."

"குஞ்சு எங்க உக்காந்திருக்குது?"

அட, கேட்கிற கேள்வியா இது! சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தரையிலதான். வேற எங்க?"

"வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று அவளும் தன் வண்டியை எடுத்தாள்.

அவருடைய கொட்டகையைச் சுற்றிலும் சாக்குப் படுதா தொங்கியது. காற்று பட்டால் குஞ்சு தாங்காது என்று மூன்றாவது பயிற்சியில் யாரோ சொன்னார்கள். அன்று சாயங்காலமே கோணி ஊசியை எடுத்து, இண்டு இடுக்கு விடாமல் தைத்துவிட்டார் மனிதர்.

இருவரும் கிருமிநாசினியில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சென்னியப்பனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தீவனத் தட்டைக் கிளறினார். குஞ்சுகளின் சூட்டுக்காகத் தொங்கிய விளக்கை உயர்த்தினார், இறக்கினார். செத்ததைப் பொறுக்கி வாளியில் போட்டார். வெளியே ஓடிப்போய் ஒரு மருந்து பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"உக்காருங்கண்ணா."

"உக்கார நேரமா இது?"

"அட, உக்காருங்கங்கறேன்!"

குந்தினார். போன் அடித்தது. எழுந்துவிட்டார்.

அவள் கை நீட்டினாள். அவர் முனகிக்கொண்டே போனைக் கொடுத்தார். அதை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"இப்பப் படுங்க."

"என்னது?"

"குஞ்சுகளோட படுங்க. கன்னம் தரையில பரப்பின உமியில படோணும்."

இவளுக்கென்ன கிறுக்கா என்று நினைத்தார். ஆனால் வேறு போக்கிடமும் இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தார்.

குஞ்சுகள் சிதறி ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் முகத்தருகிலேயே நின்றன.

ஒரு மூச்சு இழுத்தார். எச்சத்து நெடி தொண்டையைப் பிடித்தது. மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி கண்கள் எரிந்து தண்ணீர் கொட்டியது. நிற்கும்போது லேசாக அடித்த அதே வாடைதான், வெளியே போக வழியில்லாமல் தரையோடு தரையாக இப்படித் தேங்கிக் கிடக்கிறது! இருமிக்கொண்டே எழப் பார்த்தார்.

"இருங்க" என்று கையைக் காட்டினாள்.

"ஐயோ, விடு அம்மணி! ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தா நான் செத்தே போயிருவேன்!"

"குஞ்சு வந்து பன்னெண்டு நாளாச்சுங்கண்ணா."