கோரை தேர்ந்தெடுத்த டில்லர்

முன்பொரு சமயம், திண்டுக்கல்லில் விவசாயக் கருவிகள் விற்கும் ஒரு கடையில், கையால் தள்ளி உழும் மூன்று டில்லர்கள் நின்றன. பச்சை பெரியது. நீலம் மின்சாரத்தில் ஓடுவது. சிவப்பு சின்னது, பெட்ரோல் குடிப்பது, தன்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே நினைப்பது. உழுவதென்றால் தலைகீழாகப் புரட்டிவிட வேண்டும் என்பது அதன் கொள்கை. நின்று நிதானித்து வேலை செய்பவர்களை அதற்குப் பிடிக்காது.

ஒரு நாள் அமலோற்பவம் என்ற பெண்மணி கடைக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஐந்து பாத்திகளில் காய்கறி போட்டிருந்தாள். ஐந்தையும் கோரைக் களை பிடித்துவிட்டது. வெண்டையும் கத்தரியும் தலைதூக்க முடியாமல் செத்தன. ஆடிக்குள் கோரை ஒழியாவிட்டால் தோட்டத்தையே சிமெண்டு போட்டு மூடிவிடுவதாக அவள் கணவர் சிங்கராயர் சொல்லிவிட்டார். கொத்தனாரிடமும் பேசியாயிற்று.

அவள் பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்தாள். ஒன்று, தோட்டத்துக்குப் போகும் வீட்டுப் பக்கச் சந்தின் அகலத்துக்கு முடிச்சுப் போட்ட கயிறு. இன்னொன்று, கோரைக் கிழங்கோடு ஒரு மண்கட்டி. டில்லர் எந்த மண்ணை உழப்போகிறது என்று கடைக்காரர் பார்க்கட்டும் என்று கொண்டுவந்திருந்தாள்.

கயிறு பச்சைக்குப் போதவில்லை. அதற்காகச் சந்தின் சுவரை இடித்தால் போயிற்று என்றது பச்சை. நீலம், வயர் தோட்டம் வரைக்கும் எட்டாது என்று தெரிந்ததும், மழை வரும்போல் இருக்கிறது என்று பேச்சை மாற்றியது. சிவப்பு கயிற்றுக்குள் அடங்கியது.

அப்போது மேசைமேல் இருந்த கிழங்கு பேசியது.

"சிவப்பு ஐயா, உங்கள் கத்தியைப் பார்த்தாலே எனக்கு நடுங்குகிறது. நீங்கள்தான் வர வேண்டும். செத்தாலும் உங்கள் கையால் சாகிறோம்."

சிவப்புக்கு உச்சி குளிர்ந்தது. எதிரியே ஒப்புக்கொண்ட பிறகு வேறு சான்று எதற்கு?

மூலையில், கையால் மண்ணைக் கொத்தும் நான்கு பல் கொத்து ஒன்று சாய்ந்திருந்தது. தூசி படிந்த பழைய சரக்கு, யாரோடும் ஒத்துப்போகாதது. "சாகப்போகிறவன் எதற்கப்பா மாலையோடு வருகிறான்?" என்று அது கேட்டது.

விலை போகாத வயிற்றெரிச்சல் என்றது சிவப்பு. மற்ற டில்லர்கள் சிரித்தன.

"சிவப்பையே எடுங்கக்கா. தோட்டத்தைப் பஞ்சாக்கிடும்," என்றார் கடைக்காரர் தண்டபாணி. ஓரம் கொத்த உதவும் என்று அந்தக் கொத்தையும் இனாமாகச் சேர்த்துக் கட்டினார்.

சிவப்பு தன் கொள்கைப்படியே நடந்தது. நான்கு பாத்திகளைப் பொடிப்பொடியாக்கியது. கத்தி சுழன்ற இடமெல்லாம் கோரை "வாழ்க, வாழ்க" என்று கத்திக்கொண்டே துண்டானது. ஐந்தாவது பாத்திக்கு வருவதற்குள் அமலோற்பவத்துக்குக் கை மரத்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டாள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

மழை ஓய்ந்து அவள் வந்து பார்த்தபோது, உழுத நான்கு பாத்திகளிலும், ஒரு கோரை நின்ற இடத்தில் ஒரு கூட்டமே நின்றது.

சிவப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் முளைத்திருந்த கோரையிடம், "இங்கே முன்பு நின்ற உன் தலைவனை நான் வெட்டினேனே?" என்று கேட்டது.

"வெட்டினீர்கள் ஐயா. மண்ணுக்கடியில் நாங்கள் ஒரே நூலில் கோத்த கிழங்குகள். முதல் கிழங்கு மட்டும் முளைக்கும், மற்றவர்களைத் தூங்கவைத்திருக்கும். நீங்கள் நூலை அறுத்துவிட்டீர்கள். இப்போது நாங்கள் எல்லோருமே தலைவர்கள்."

மேடையில் நிற்பவனுக்குக் கைதட்டல் கேட்கும். தட்டுகிற கை யாருடையது என்று பார்க்கத் தோன்றாது. சிவப்புக்கும் தோன்றியிருக்கவில்லை. இப்போது தோன்றியது.

சிங்கராயர் கொத்தனாரோடு வந்து தோட்டத்தை அளந்தார். மறுநாள் மணல் இறங்கும் என்றார்.

"ஏங்க, நாலு பாத்தியையும் நான் ஆழமா ஓட்டல. அதான் இப்படி. இந்த ஒண்ணை நல்லா அழுத்தி ஓட்டிப் பாக்கறேன். சரியா வரலைன்னா உங்க இஷ்டம்," என்றாள் அமலோற்பவம்.

சிவப்பைக் கிளப்பி ஐந்தாவது பாத்திக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பாத்தி முழுக்க இருந்த கோரை எழுந்து நின்று கைதட்டியது. கத்தி மண்ணைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரம் இருக்கும்போது சிவப்பு நின்றுவிட்டது.

அவள் சிவப்பைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். திரும்பத் திரும்ப இழுத்தாள். அது அசையவில்லை.

"அதுக்கே வெறுத்துப்போச்சு," என்றார் சிங்கராயர்.

ஆத்திரத்தில் அவள் கொத்தை எடுத்துக் கோரையின் அடியில் ஆழ இறக்கி நெம்பினாள். மண் விரிந்து, முதல் கிழங்கு வந்தது. அதன் பின்னால் நூல் அறாமல் அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒரு சரமே வெளியே வந்தது. பாத்தியில் கைதட்டல் நின்றது.

அவள் சரத்தைத் தூக்கிக் கணவரிடம் காட்டினாள். மறுபடி குனிந்தாள். பொழுது சாயும்போது சிங்கராயர் கூடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மணலை ஆடி கழித்து இறக்கலாம் என்று கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பாத்தியில் கத்தரி நட்ட பிறகு அவள் டில்லரைக் கடைக்குக் கொண்டுபோனாள். தண்டபாணி ஒரே இழுப்பில் கிளப்பிவிட்டு, ஒரு குறையும் இல்லையே என்றார்.

"என்னமோ, அன்னைக்குன்னு பார்த்து என் கழுத்தை அறுத்துடுச்சு," என்றாள் அவள்.

அந்தத் தோட்டத்துக்காகச் செய்த ஒரே நல்ல காரியத்துக்கு, சிவப்பு வாங்கிய பெயர் அதுதான்.