சுமைதாங்கியில் விழுந்த கரிக்கோடுகள்

நாற்பத்திரண்டு பணம், ஐந்து காசு.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியத்தில், இருளாயி என்ற தண்ணீர் சுமப்பவள் அரண்மனைக்குக் கட்ட வேண்டியிருந்த தொகை அது. அவள் யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியவள் அல்ல. எண்பத்தைந்து நாள் ஒருநாளும் விடாமல் வேலை செய்தாள். வேலை செய்ததால் வந்த கடன்.

அது எப்படி என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

அந்த நாட்டு ராஜாவுக்கு ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது ஓர் ஆசை வந்தது. அரண்மனைக்குப் பின்னால் இருந்த மொட்டைக் குன்றின் உச்சியில் தாமரை பூக்க வேண்டும். தாமரைக்குக் குளம் வேண்டும், குளத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தக் குன்றில் கிணறு வெட்டினால் பாறைதான் வரும். ஆகவே அடிவாரத்து ஏரியிலிருந்து நாற்பது பேர் குடம் குடமாகத் தலையில் சுமந்தார்கள். கூலி நாளுக்கு ஒரு பணம். பணத்துக்குப் பத்துக் காசு.

பாதை செங்குத்து. வழியில் மூன்று இடங்களில் சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல், ஆள் உயரத்துக்கு. தலைச்சுமையை அடுத்தவர் கை இல்லாமலே அதில் தள்ளிவைத்து மூச்சு வாங்கலாம், திரும்பவும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கழுத்து நரம்பு தெறிக்கிற நேரத்தில் அந்தக் கல் கண்ணில் பட்டால் தெய்வத்தைக் கண்ட மாதிரி இருக்கும். சுமந்தவர்களுக்குத் தெரியும்.

பொக்கிஷ அதிகாரி தனபூபதி சுமந்தவர் அல்ல. அவர் ராஜாவிடம் சொன்னார்: "அரசே! தாங்கள் கூலி கொடுப்பது சுமப்பதற்கு. இவர்களோ பாதி நேரம் நிற்கிறார்கள். ஒருமுறை நின்றால் ஒரு காசு தண்டம் என்று விதியுங்கள்."

ராஜாவுக்குத் தாமரைமேலேயே நினைப்பு. "ஆகட்டும்" என்றார்.

கல்லுக்கு ஒரு காவலாள் உட்கார்ந்தான், கையில் கரிக்கட்டியோடு. ஒருவர் நின்றால் கல்லில் அவர் கணக்கில் ஒரு கோடு. இருளாயி நாளுக்கு ஐந்து நடை ஏறுவாள். நடைக்கு மூன்று கல், ஆக நாளுக்குப் பதினைந்து காசு தண்டம். கூலி பத்துக் காசுதான். உழைக்க உழைக்க நாளுக்கு ஐந்து காசு கடன் ஏறியது.

நாற்பது பணத்தைத் தாண்டியவர்கள் பிள்ளைகுட்டிகளோடு அரண்மனைக்குக் கூலியில்லாத அடிமை. அதுவும் தனபூபதி போட்ட விதிதான். முதலில் தாண்டியவள் இருளாயி. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

சபைக்கு இழுத்து வந்தார்கள். தலையிலிருந்த சும்மாட்டைக்கூட எடுக்காமல் நின்றாள்.

"ஏன் நின்று நின்று போகிறாய்?" என்று கேட்டார் தனபூபதி.

"நிக்காமப் போனா விழுந்துருவேன் சாமி. நான் விழுந்தா எந்திரிச்சுக்குவேன். குடம் உடைஞ்சா அதுக்கு வேற தண்டம் போடுவீங்களே."

சபையில் ஒருவன் மட்டும் சிரித்தான். அவன் வேம்படியான், அரண்மனை விகடகவி. ராஜா அவனிடம் பிரியமாக இருப்பது தனபூபதிக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி.

"அரசே, ஓய்வெடுப்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர்" என்றான் வேம்படியான்.

தனபூபதி பிடித்துக்கொண்டார். "அப்படியா வேம்படியாரே! வேலையின் நடுவே நின்று நின்று செய்தும், ஒருநாளும் வேலை கெடாத ஊழியன் ஒருவனை இந்த அரண்மனையில் காட்டும் பார்ப்போம். காட்டினால் நாற்பது பேரின் தண்டக் கணக்கையும் அழிக்கிறேன். காட்டாவிட்டால் இந்தப் பெண்ணும் பிள்ளைகளும் அடிமை. இவள் குடத்தை வாழ்நாள் முழுக்க நீரே தலையில் சுமக்க வேண்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் பாயசம். "நாளைக் காலை வரை அவகாசம்" என்றார்.

வெளியே வந்ததும் இருளாயி அழவில்லை. கோபப்பட்டாள். "எதுக்குய்யா வாயைக் குடுத்தீங்க? இப்ப நீங்களும் சேந்து மாட்டிக்கிட்டீங்க. குடம் தூக்கிப் பழக்கம் உண்டா?"

"தூக்கிப் பார்த்தால் தெரிகிறது" என்று ஏரிக்கரைக்குப் போய், அவளுடைய குடத்தில் தண்ணீர் மொண்டு தலையில் வைத்துக்கொண்டான்.

முதல் கல் வரை வீறாப்பாகப் போனான். இருளாயி பின்னாலேயே நடந்தாள். இரண்டாவது கல்லுக்கு முன்னால் கால் பின்னிக்கொண்டது. எப்படியோ போய்ச் சேர்ந்து, குடத்தைக் கல்லில் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் சாய்ந்தான். காவலாள் ஒரு கோடு போட்டான். வேம்படியானுக்கு நெஞ்சு உரல் இடிப்பதுபோல இடித்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கிடந்தான்.

கொஞ்ச நேரத்தில் இடி தணிந்தது. டொப். அமைதி. டொப். அமைதி. அமைதிதான் நீளமாக இருந்தது. வேம்படியான் எழுந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"பாவம், வெயில்ல மூளை கலங்கிருச்சு" என்றாள் இருளாயி.

மறுநாள் சபை கூடியது. வேம்படியான் கைகட்டி நின்றான்.

"அரசே! சொல்லவே நா கூசுகிறது. இந்த அரண்மனையில் ஓர் ஊழியன் இருக்கிறான். தங்கள் படுக்கையறையிலேயே கிடக்கிறான். ஒரு தடவை வேலை செய்வான், உடனே நிற்பான். வேலை செய்த நேரத்தைப்போல இரண்டு பங்கு நேரம் நிற்பான். மறுபடி ஒரு தடவை, மறுபடி ஓய்வு."

"என் அறையிலா! எத்தனை நாளாக?"

"தாங்கள் பிறந்த நாள் முதல். நாற்பத்தெட்டு வருஷம். ஆனால் ஒருநாளும் வேலை கெட்டதில்லை."

தனபூபதிக்குப் பந்தயத்தில் தோற்றுவிடுவோமோ என்று திக்கென்றது. முந்திக்கொண்டார். "நிற்காமல் செய்தால் மூன்று பங்கு வேலை செய்திருப்பான் அல்லவா? அதுவே திருட்டுத்தான். இனி அவன் கணநேரமும் ஓயக்கூடாது என்று உத்தரவிடுங்கள் அரசே! பழைய தண்டத்தையும் வசூலியுங்கள்!"

ராஜா ஓலையில் எழுதச் சொல்லி முத்திரை மோதிரத்தை அழுத்தினார். "கொண்டுபோய் அவனுக்கு வாசித்துக் காட்டு."

வேம்படியான் ஓலையை வாங்கினான். சிம்மாசனத்தின் படியேறினான். ராஜாவின் மார்புக்கு நேரே குனிந்து, உரத்த குரலில் வாசித்தான்:

"அடே இருதயமே! மகாராஜாவின் ஆணை! இந்தக் கணம் முதல் நீ துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஓயக்கூடாது!"

கூட்டத்திலிருந்து மாசிலாமணி வைத்தியர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அரசே, அரசே! ஆணையை வாபஸ் வாங்குங்கள்!"

"ஏன்? வைத்தியரே, என் இருதயம் நிற்கிறதா என்ன?" ராஜாவின் கை தானாக மார்புக்குப் போனது.

"ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஓய்கிறது அரசே. ஓய்ந்தால்தான் உயிர். இருதயத்தில் நான்கு அறைகள், நடுவில் ஒருவழிக் கதவுகள். அது இறுகும்போது ரத்தம் வெளியே பாய்கிறது. ஒரு பக்கத்து ரத்தம் காற்று வாங்கிவர நுரையீரலுக்கு, மறுபக்கத்து ரத்தம் தலைமுதல் கால்வரை எல்லா உறுப்புக்கும். இறுகியது தளர்ந்தால்தான் அறைகள் மறுபடி நிரம்பும். ஓயாமல் இறுகியே கிடந்தால் உள்ளே ரத்தம் ஏது? எதை அனுப்பும்?"

ராஜாவுக்குப் பாதிதான் புரிந்தது. மூலையில் நின்ற இருளாயி தன்னை மறந்து சொன்னாள்: "குடம் ஏரியில முங்கிக் கிடக்கிற நேரம் மாதிரிங்க. அது சும்மா கிடக்குதுன்னு வெடுக்குனு தூக்கினா, வெறுங்குடம்தான் மேல வரும்."

"அட!" என்றார் ராஜா. இப்போது முழுதும் புரிந்தது.

"கணக்கு பாக்கி இருக்கிறது அரசே" என்றான் வேம்படியான். "நாழிகைக்கு ஆயிரத்து எழுநூறு துடிப்பு. நாளுக்கு அறுபது நாழிகை. ஓய்வுக்கு ஒரு காசு என்றால், ஒருநாள் தண்டமே பத்தாயிரத்து இருநூறு பணம். நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பெருக்க எனக்குப் படிப்பு போதாது. பொக்கிஷ அதிகாரி பெருக்குவார்."

தனபூபதி குறுக்கிட்டார். "இது வெறும் பேச்சு அரசே! இருதயம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். என் உடம்பில் வேறெதுவும் இப்படி நின்று நின்று வேலை செய்வதில்லை!"

"மெய்யாகவா?" என்றான் வேம்படியான். "உம் நுரையீரல் இரண்டும் மூச்சை இழுக்கும்போது விலாவும் உதரவிதானமும் பாடுபடுகின்றன. விடும்போது அவை தளர்ந்து கிடக்கின்றன. சோம்பேறிகள்! இனி இழுக்க மட்டும் செய்யும். விடக்கூடாது. இழும் பார்ப்போம்!"

தன் வாயால் வந்த வினை. சபை முழுக்கப் பார்க்கிறது. தனபூபதி மூச்சை இழுத்தார். மேலும் இழுத்தார். மார்பு புடைத்தது. கன்னம் பூசணிக்காய் ஆனது. முகம் சிவந்து, கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. கண் இரண்டும் வெளியே வந்து விசாரித்துவிட்டுப் போயின.

"இன்னும் கொஞ்சம் சாமி, மூணாவது கல்லு பக்கத்துலதான்" என்றாள் இருளாயி.

புஸ்ஸ்ஸ் என்று விட்டார் பாருங்கள், முன்வரிசையில் நின்றவரின் அங்கவஸ்திரம் பறந்தது. தனபூபதியின் தலைப்பாகை உருண்டு வேம்படியானின் காலடியில் போய் நின்றது.

"ஒரு கோடு!" என்றான் வேம்படியான்.

ராஜா சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பின் நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, தான் நிறுத்தியது தனக்கே தெரிந்து, இன்னும் பலமாகச் சிரித்தார். முத்திரை போட்ட ஓலையை இரண்டாகக் கிழித்தார்.

"ஊழியனைக் காட்டிவிட்டாய். தண்டம் மொத்தமும் தள்ளுபடி. நாற்பது பேரும் கடனில்லாதவர்கள். குன்றில் இன்னும் இரண்டு சுமைதாங்கி நடுங்கள். உனக்கு என் முத்துமாலை. வேறென்ன வேண்டும்?"

"அந்தக் குன்றில் இனி என்னை ஏறச் சொல்லாதிருந்தால் போதும் அரசே. அப்புறம் ஒரு சின்ன விஷயம். தண்டம் தள்ளுபடி என்றால், தண்டத்துக்கு என்று பிடித்துக்கொண்ட கூலி? இருளாயிக்கு மட்டும் எண்பத்தைந்து நாள், எண்பத்தைந்து பணம். கடன்பட்டவர் யார் என்று இப்போது பாருங்கள்."

ராஜா தனபூபதியைப் பார்த்தார். தனபூபதி பொக்கிஷ அறையைப் பார்த்தார்.

இருளாயி அன்று மாலை கடைசி நடையில் ஒரு குடம் தண்ணீரை உச்சிக்குக் கொண்டுபோகவில்லை. மூன்று கல்லிலும் இருந்த தன் கரிக்கோடுகளின்மேல் ஊற்றிக் கையால் தேய்த்தாள். ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து கோடும் கறுப்பாக ஒழுகி மண்ணுக்குள் போயின. கடைசிக் கல்லில் முதுகைச் சாய்த்து அவள் நின்றாள், போதும் போதும் என்கிற வரைக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் சபையிலேயே கணக்குத் தீர்ந்துவிட்டது. தனபூபதி தன் கையாலேயே எண்பத்தைந்து பணத்தையும் அவள் முந்தானையில் எண்ணிப் போட்டார். எண்ணி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"நின்னு நிதானமா எண்ணுங்க சாமி" என்றாள் இருளாயி.

யாரும் கோடு போடவில்லை.