கலப்பில்லாத காற்று மின்சாரம்

பல்லடத்துப் பக்கம் நூல் மில் நடத்திய சென்னியப்பர், மின்வாரியத்தைவிடச் சல்லிசாகக் கிடைக்கிறதென்று கயத்தாற்றுக் காற்றாலை ஒன்றோடு மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டார். போட்ட நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. மில்லில் ஒயரிங் வேலை பார்க்கும் பழனாத்தாளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நூல் வாங்கறவங்க வாராங்க. என்ற ரூம்புக்குக் காத்துக் கரண்டு மட்டுந்தான் வரோணும். வாரியத்துக் கரண்டு துளி கலந்தாலும் உன்ற வேலை போச்சு."

"எல்லாம் ஒரே கம்பிலதானுங்க வருது. காத்தாலைக்காரங்க அங்க ஊத்தறாங்க, நாம இங்க மோந்துக்கறோம். அளவுக்குத்தான் ஒப்பந்தம். எது யாருதுன்னு பிரிக்க முடியாதுங்க."

"பிரிக்கத் துப்பில்லாதவளுக்கு எதுக்குச் சம்பளம்?"

"அப்பச் சரிங்க" என்ற பழனாத்தாள், அவர் அறைக்கு மட்டும் தனி சுவிட்ச் வைத்தாள். காற்றாலைக் காவல்காரரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விருந்தாளிகளிடம் சென்னியப்பர் தன் காற்று மின்சாரத்தைப் பற்றி அளந்துகொண்டிருக்கும்போதே ஏசி நின்றது, விளக்கு அணைந்தது. கீழே மில் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. வியர்த்து வழிந்தவர், கையிலிருந்த ஒப்பந்தத் தாளால் விசிறிக்கொண்டே பழனாத்தாளைக் கூப்பிட்டு அதட்டினார்.

அவள் கைகட்டி நின்று சொன்னாள்: "கயத்தாத்துல காத்து நின்னுபோச்சுன்னு இப்பத்தானுங்க போன் வந்துச்சு. மில்லுக்கு வாரது கலந்த கரண்டு. உங்களுக்குக் கலக்கக் கூடாதுன்னீங்க, அணைச்சுட்டனுங்க."

விருந்தாளிகள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். சென்னியப்பர் ஒப்பந்தத் தாளால் இன்னும் வேகவேகமாக விசிறிக்கொண்டார்.

"இப்ப உங்களுக்கு வருது பாருங்க, அதுதானுங்க கலப்பில்லாத காத்து" என்றாள் பழனாத்தாள்.