கும்மி வட்டத்தின் நடுவில் நின்றவன்

முன்னொரு காலத்தில், மழைக்கு முளைக்கும் காளான் மாதிரி மந்திரவாதிகள் மலிந்து கிடந்த காலத்தில், நெல்லுக்கரை நாட்டில் தும்பைக்குளம் என்றோர் ஊர் இருந்தது. அந்த ஊரில் மூக்காயி என்றொரு பெண் இருந்தாள். அவளுக்குப் பசிக்காத நாள் உண்டு. கேள்வி கேட்காத நாள் கிடையாது.

எறும்பு வரிசையைக் கண்டால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். "கடைசியா போற எறும்புக்குத் தான்தான் கடைசின்னு தெரியுமா?" என்பாள். கிணற்றடிக்குப் போனால், "தவளை தண்ணி குடிக்குமா, இல்ல தண்ணிக்குள்ள இருந்தாலே தாகம் தீந்துருமா?" என்பாள். ஊரார் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடாதவள் ஒருத்திதான், அவள் அக்கா வெள்ளத்தாயி. அம்மா இல்லாத வீட்டில் மூக்காயியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். என்ன கேட்டாலும், "தெரியலையேடி, ரெண்டு பேருமா பாப்போமா?" என்பாள். அந்த ஒரு பதிலுக்காகவே மூக்காயி அக்காவைச் சுற்றிச் சுற்றி வருவாள். இப்போது வெள்ளத்தாயிக்குக் கல்யாணமாகி, பால்குடி மறக்காத ஒரு பிள்ளையும் இருந்தது.

தும்பைக்குளத்தில் ஆடி மாதம் வந்தால் கும்மி. மண்சட்டியில் விதை போட்டு, இருட்டறையில் வைத்து முளைக்கவிட்ட பயிருக்கு முளைப்பாரி என்று பெயர். அதை அம்மனாக நினைத்து நடுவில் இறக்கிவைப்பார்கள். பெண்கள் அதைச் சுற்றி வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து கைகொட்டி வருவார்கள். அந்த வட்டத்தில் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. யார் வந்தாலும் ஆட்டத்தை நிறுத்தாமல் ஒதுங்கி இடம் விட வேண்டும் என்பது வழக்கம். பிந்தி வந்தவள் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவள் என்ன பாடினாலும் மற்றவர்கள் அப்படியே திருப்பிப் பாட வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும் மூக்காயிதான் வருஷா வருஷம் பிந்தி வருவாள். அதனாலேயே பாட்டுக் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் ஒரு கேடு வந்தது. முளைப்பாரி அத்தனையும் அழுகிப்போயிற்று. முளைப்பாரி அழுகினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். பெண்கள் வெளியே மூச்சு விடவில்லை. "ஆம்பளைகளுக்குத் தெரிஞ்சா ஊரே அரண்டு போகும். ஆனா நடுவுல ஒண்ணும் இல்லாம எப்படிடி சுத்துறது?" என்று கையைப் பிசைந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்தான் ஒரு சாமியார். தலையில் மூன்று சடை, நெற்றி நிறைய விபூதி, நரைத்த தாடி. "தாய்மார்களே, கவலை எதற்கு? நடுவில் நான் நிற்கிறேன். சாமிக்குப் பதில் சாமியார்!" என்றான். பெண்களுக்கு அப்பாடா என்றிருந்தது. மானத்தைக் காக்க வந்த மகராசன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆளில்லாத நேரம் பார்த்து முளைச்சட்டிகளில் வெந்நீர் ஊற்றியதே அந்த மகராசன்தான் என்று பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவன் பெயர் திரிசடையன். அசல் மந்திரவாதி.

கும்மி தொடங்கியது. முதல் சுற்றில் திரிசடையன் கண்ணை மூடினான். இரண்டாம் சுற்றில் என்னவோ முணுமுணுத்தான். மூன்றாம் சுற்றில் உள்ளங்கையை விரித்தான். அவ்வளவுதான்! பாட்டு நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. கை தானாகக் கொட்டியது, கால் தானாகச் சுற்றியது.

ஒரு நத்தை வேலியைத் தாண்டுமா தாண்டாதா என்று பார்த்துவிட்டு மூக்காயி வந்து சேர்ந்தபோது, வட்டத்தில் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"அக்கா, என்னக்கா ஆச்சு? நில்லுக்கா!"

"நிக்க முடியலடி! காலு எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நீ கிட்ட வராத, வராத!" என்று கத்திக்கொண்டே வெள்ளத்தாயி சுற்றிப் போனாள்.

பெண்கள் வாட வாட, நடுவில் நின்றவனின் நரைத்த தாடி கறுத்துக்கொண்டு வந்தது.

ஊர் ஆண்கள் ஓடிவந்தார்கள். தன் பெண்டாட்டியை இழுக்க ஒருவன் கையை நீட்டினான். நீட்டிய கை கொட்டத் தொடங்கியது. அவனும் வட்டத்தோடு போய்விட்டான். சேதி ராஜா வீரகேதுவுக்கு எட்டியது. தளபதி வந்தார். திரிசடையனைக் குத்த வேலோடு பாய்ந்தார். வேல் கீழே விழுந்தது, தளபதி மீசை துடிக்கக் கும்மியடித்துக்கொண்டு போனார். அரண்மனைப் பூசாரி எலுமிச்சம்பழத்தோடு வந்தார். பழம் உருண்டு போனது, பூசாரியும் வட்டத்தில் உருண்டு போனார். அதற்குமேல் ராஜாவே வந்தும், தூரத்தில் யானைமேல் உட்கார்ந்து பார்த்தாரே தவிர, இறங்கவில்லை. உசிர் யாருக்குத்தான் வெல்லம் இல்லை?

பொழுது போய்ப் பொழுது விடிந்தது. வெள்ளத்தாயியின் புருஷன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அழாத குறையாக நின்றான். ஆட்டுப்பால் புகட்டினால் துப்பியது, சீனித்தண்ணி கொடுத்தால் துப்பியது, தேனைத் தடவினாலும் துப்பியது. அழுது அழுது அதன் குரல் கம்மிவிட்டது. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் வெள்ளத்தாயிக்குப் பால் சுரந்து மார்ச்சேலை நனைந்தது. பிள்ளை இந்தப் பக்கம், பால் அந்தப் பக்கம். இடையில் எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

"யோசிக்கணும். அழுதா யோசிக்க முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூக்காயி வேலியோரம் போய் உட்கார்ந்தாள். அங்கே ஓர் ஓணான் வெயிலில் மல்லாந்து கிடந்தது. இலையில் தண்ணீர் எடுத்து அதன் வாயில் விட்டாள். ஓணான் புரண்டு எழுந்து தலையை ஆட்டியது.

"வேலிக்கு ஓணான் சாட்சின்னு கேலி பண்ணுவீங்களே, இப்ப நெசமாவே நாந்தான் சாட்சி. அந்தத் திரிசடையன் சடைக்குள்ளதான் நான் குடியிருந்தேன். இனி நீ எதுக்குன்னு உதறிப்போட்டான். தண்ணி கொடுத்த உனக்கு மூணு பதில் சொல்றேன். மூணே மூணு கேள்வி கேளு."

மூக்காயிக்கு மூன்றா! ஒரு நாளைக்கு முந்நூறு போதாதவள் அவள். வாயை அடக்கத் தெரியாமல், "நீ எப்படிப் பேசுற?" என்று கேட்டே விட்டாள்.

"அவன் மை டப்பியை நக்கினேன், பேச்சு வந்துச்சு. ஒண்ணு போச்சு" என்றது ஓணான்.

மூக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது கேள்வியை நெஞ்சுக்குள் மூன்று தரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவன் ஏன் நடுவுல நிக்கிறான்?"

"சுத்துறவங்க மூச்செல்லாம் நடுவுல நிக்கிறவனுக்குப் போகும். அதான் மந்திரம். அவனா நகந்தா கட்டு அறுந்துரும். அடிச்சு நகத்த முடியாது, இழுத்து நகத்த முடியாது, கெஞ்சியும் நகத்த முடியாது. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மூச்சு பூராத்தையும் உறிஞ்சிருவான். ரெண்டு போச்சு."

இன்னும் ஒன்றுதான். 'அவனை எப்படி நகத்துறது?' என்று கேட்க வாயெடுத்தாள் மூக்காயி. அந்த நேரம் திரிசடையனைப் பார்த்தாள். அவன் கவனம் மந்திரத்தில் இல்லை. சுற்றிவரும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அரண்மனை வாசலில் நின்று விருந்து பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். அவளுக்குள் வேறொரு கேள்வி குறுகுறுத்தது. புத்தி வேண்டாம் என்றது. நாக்கு கேட்டுவிட்டது.

"இவன் எப்பவாச்சும் கும்மி அடிச்சிருக்கானா?"

ஓணான் பிறந்ததிலிருந்து மேலும் கீழுமாகத்தான் தலையாட்டும். அன்றைக்குத்தான் இடமும் வலமுமாக ஆட்டியது. "இல்ல. நாடோடியாத் திரிஞ்சவன். போன ஊரெல்லாம் வட்டத்துக்கு வெளிய நின்னு பாத்தான். ஒரு ஊர்லயும் ஒருத்தரும் ஒதுங்கி இடம் விடல. மூணும் போச்சு." சொல்லிவிட்டு ஓணான் வேலிக்குள் நுழைந்துகொண்டது.

மூக்காயி எழுந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். நேராக வட்டத்தை நோக்கி நடந்தாள்.

"வராதடி! என்னோட போகட்டும், நீயாவது பிழைச்சுக்கிடு!" என்று அலறினாள் வெள்ளத்தாயி. அலறினாலும், ஆள் வந்தால் ஒதுங்கிப் பழகிய கால் அல்லவா? அவள் ஓரடி இந்தப் பக்கம், அடுத்தவள் ஓரடி அந்தப் பக்கம், வட்டம் தானாக இடம் விட்டது. மூக்காயி உள்ளே கால் வைத்தாள். அந்தக் கணமே அவள் காலும் அவளுடையதாக இல்லை. மூச்சு கரைந்து நடுவுக்கு ஓடுவது தெரிந்தது. ஆனாலும் பிந்தி வந்தவள் பாட வேண்டுமே! பாடினாள்.

"வந்தவர்க் கெல்லாம் இடமிருக்கு - இங்கே
வாசலு மில்லை கதவுமில்லை
நின்றது போதும் நடுவினிலே - கொஞ்சம்
நெருங்கிவந் தெங்களோ டாடுமையா!"

பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பாவியையா கூப்பிடுகிறாள்? ஆனால் எடுத்துக் கொடுத்த பாட்டைத் திருப்பிப் பாடாமல் விட்டால் அது கும்மியா? தொண்டை வறண்ட அத்தனை பேரும் பாடினார்கள், தளபதியும் பூசாரியும் சேர்ந்து பாடினார்கள்.

திரிசடையன் திடுக்கிட்டான். "யாரைக் கூப்பிடுகிறாய்?"

"உம்மத்தான். எம்பக்கத்துல இடம் கெடக்கு, பாரும்" என்றாள் மூக்காயி. முக்கி முனகி ஒரு சாண் நகர்ந்து, தனக்கும் அக்காவுக்கும் நடுவே இடம் விட்டிருந்தாள்.

"என்னை ஏமாற்ற முடியாது!"

"ஏமாத்தல. நீர் வந்தா கட்டு அறுந்துரும்னு எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை பேரு மூச்சைக் குடிச்சீரே, கும்மியடிக்கிறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுதா?"

இரண்டாம் தரம் பாட்டு சுற்றி வந்தது. அவன் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அதை மற்றக் காலால் மிதித்து அமுக்கினான். மூன்றாம் தரம் வந்தது.

"குனியும்போது கொட்டணுமா, நிமிரும்போதா?" என்று கேட்டான் திரிசடையன், குரல் எழும்பாமல்.

"ரெண்டுக்கும். வாரும், வந்தாத்தானே தெரியும்!"

வந்தான். வட்டம் ஒதுங்கி இடம் விட்டது. குனிந்தான், கொட்டினான், நிமிர்ந்தான், கொட்டினான். நடு வெறுமையாயிற்று.

கட்டு பட்டென்று அறுந்தது. காற்று வீசியது மாதிரி அவரவர் மூச்சு அவரவரிடம் திரும்பியது. திரிசடையனின் கறுத்த தாடி நரைத்தது, முதுகு வளைந்தது. அவன் கையை மட்டும் நிறுத்தவில்லை. அவனை வெட்டுகிறேன் என்று தளபதி கீழே விழுந்த வேலைத் தேடினார். "வட்டத்துல நிக்கிறவரைத் தொடக் கூடாது" என்று பெண்கள் மறித்துவிட்டார்கள். வெந்நீர் ஊற்றிய கையால் அவனே மறுபடி விதை போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. அவன் சந்தோஷமாகச் சரி என்றான்.

ராஜா யானையை விட்டு இறங்கி வந்தார். "பெண்ணே, என்ன வேண்டும், கேள்!" என்றார். கேள் என்று மூக்காயியிடமா சொல்வது? "மகராசா, நீங்க ஏன் எப்பவும் உசரத்துலயே உக்காந்துருக்கீங்க?" என்று கேட்டாள். ராஜா சிரித்துச் சமாளித்து, குளத்தங்கரையில் நல்ல நஞ்சை நிலமும் வீடும் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளத்தாயி இதில் எதையும் பார்க்கவில்லை. கட்டு அறுந்ததும் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாரோடு சேர்த்திருந்தாள். பிள்ளை சத்தம் போட்டுக் குடித்தது. அக்காவின் வீங்கிய பாதத்தை மூக்காயி மடியில் எடுத்துவைத்துப் பிடித்துவிட்டாள்.

"ஏன்டி, நான் வராத வராதன்னு கத்துனேனே. உள்ள வர உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள் வெள்ளத்தாயி.

"இருந்துச்சுக்கா. ஆனா நீ உள்ள இருந்தியே."

வெள்ளத்தாயி பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் தங்கையின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவர்கள் அங்கே மூச்சு வாங்கட்டும், நாம் இங்கே கதையை இறக்கிவைப்போம்.