பிழை காட்டாத செய்தி

ஐம்பது வயதுக்கு மேல் நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர் திருவேங்கடம். கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளை அவர் "மேடம்" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அவர்கள் வேலை பார்த்தார்கள். ஆய்வகத்துக் கணினி பேசுவது வார்டுக் கணினிக்குப் புரியாது. நடுவில் ஒரு நிரல், வந்த செய்தியைப் படித்து, வேறொரு செய்தியைப் புதிதாகக் கட்டி அனுப்ப வேண்டும். அதை எழுதியவர் திருவேங்கடம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. இல்லாமல் இருக்குமா?

அந்த நிரல் ஓடத் தொடங்கிய வாரத்திலேயே, அமுதவல்லி என்ற சிறுநீரக நோயாளியின் ரத்த முடிவு மற்ற முடிவுகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. டாக்டர் கண்ணில் படும்போது நேரம் கடந்துவிட்டது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

திருவேங்கடம் ஜெசிந்தாவிடம் ஓடி வந்தார்.

"ஒரு எண்ணுகூட மாறல மேடம். சரியான வார்டுக்குத்தான் போயிருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஜெசிந்தா வந்த செய்தியையும் போன செய்தியையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வந்த செய்தியின் தலைப்பகுதியில் 'அவசரம்' என்ற குறி இருந்தது. போன செய்தியில் தலைப்பகுதியே இல்லை.

"உள்ள இருந்த முடிவை மட்டும் எடுத்தேன். மேல இருந்தது வெறும் உறைன்னு நெனச்சுட்டேன். எரர்கூட வரலையே மேடம்!"

"புதுச் செய்தி காலியாத்தான் பிறக்கும் அண்ணே. நம்ம வைக்காதது அதுல இருக்காது. இல்லாததுக்கு எரர் வராது." ஜெசிந்தா தொடர்ந்தாள். "நீங்க எழுதுனத நானும் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

திருவேங்கடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போல இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அமுதவல்லியம்மா வீட்டுக்காரரு கீழ இருக்காரு. ஏன் லேட்டாச்சுன்னு தினமும் வந்து கேக்குறாரு. யாரும் பதில் சொல்லல. போய்ச் சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கிப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"சொல்லிட்டேன் மேடம். கம்ப்யூட்டர்ல கோளாறு, அவசரக் குறி விட்டுப்போச்சு, அதான் லேட்டாயிருச்சுன்னு. எதையும் மறைக்கல."

"என்ன சொன்னாரு?"

"கம்ப்யூட்டரை நான் என்னான்னு திட்டுறதுன்னாரு. அங்கேயே உக்காந்திருக்காரு."

ஜெசிந்தா திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"திட்டுறதுக்கு நாம ரெண்டு பேர் இருக்கோமே அண்ணே. வாங்க, போவோம்."