மேல்தட்டு விருந்தும் அடித்தட்டுக் குழம்பும்

கானல்பட்டினத்து ராஜா மகரகேதுவுக்குச் சாப்பாடு என்றால் உயிர். போர் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். பந்தி என்றால் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வெள்ளித் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து பட்டினி கிடந்த கதை இது.

தீவு ராஜா ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். அதற்குப் போகவென்றே மகரகேது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டு வைத்த கப்பல் ஒன்று கட்டினார். யாருக்கு எந்த இடம், என்ன சாப்பாடு என்பதெல்லாம் பிரதானி கோதண்டத்தின் ஏற்பாடு. மேல்தட்டில் ராஜாவுக்குப் பட்டு மெத்தை, பன்னீர், தினமும் விருந்து. நடுத்தட்டில் பிரதானிக்கும் அவர் வகையறாவுக்கும் பஞ்சு மெத்தை, பித்தளைத் தட்டு. அடித்தட்டில் அரிசி மூட்டைகள், அடுப்பு, துடுப்புக்காரர்கள், கோரைப் பாய், மண்சட்டி. ஒரு தட்டின் சாப்பாட்டை இன்னொரு தட்டுக்காரர் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு.

சபையின் விகடரான மயிலேறிக்குக் கிடைத்தது கோரைப் பாய். காரணம் ஊருக்கே தெரியும். விகடர் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்கப் பிரதானி வெகுநாளாக அலைந்துகொண்டிருந்தார். அந்த மைத்துனன் சொல்கிற வேடிக்கைக்கு அவன் பெண்டாட்டிகூடச் சிரித்ததில்லை.

கப்பல் கிளம்பும் முன் ராஜா கேட்டார், "என்ன மயிலேறி, உன் இடம் எப்படி?"

"உங்கள் இடத்தைவிட உசத்தி, மகாராஜா."

வாய் சும்மா இருந்திருக்கலாம். பிரதானி அதைப் பிடித்துக்கொண்டார். "பிரபு, மூட்டை கிடக்கிற இடம் ராஜா இருக்கிற இடத்தைவிட உசத்தியாம். நிரூபிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பதவியை விட்டுவிடட்டும்."

ராஜாவுக்கும் குறும்பு தலைதூக்கியது. ஒரு பந்தயம் வைத்தார். மயிலேறி மேலே வரக்கூடாது, ஆள் அனுப்பி ராஜாவை அழைக்கவும் கூடாது. கரை சேர்வதற்குள் அடித்தட்டுதான் உசத்தி என்று ராஜாவே தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மைத்துனனுக்குப் பதவி.

மயிலேறிக்கு உள்ளுக்குள் கவலைதான். வீட்டில் உலை கொதிப்பதே அந்தப் பதவியால். ஆனாலும் முகத்தில் காட்டாமல், ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான்: மேல்தட்டு மரியாதைகளில் ஒன்றுகூடக் குறையக்கூடாது.

பிரதானிக்கு வாயெல்லாம் பல். வித்தியாசம் கூடக்கூட விகடன் தோற்பது நிச்சயம் என்று மரியாதைகளை அடுக்கிக்கொண்டே போனார். சாப்பாடு கீழிருந்து கிளம்பும்போது சங்கு ஊத வேண்டும். வைத்தியர் பார்க்க வேண்டும். ருசி பார்ப்பவர் தின்றுவிட்டு, உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு நாழிகை காத்திருக்க வேண்டும். பிறகு புலவர் ஒவ்வொரு பதார்த்தத்தின் மேலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தப் புலவருக்குச் சுருக்கமாகப் பாடத் தெரியாது.

கப்பல் நடுக்கடலுக்கு வந்தது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் உச்சியில் இருக்கிற மேல்தட்டுதான் அதிகம் ஆடியது. பாயசம் மடியில் கொட்டியது. நெய் உறைந்து வெள்ளையாக நின்றது. அப்பளம் நமுத்துப்போய்ச் சுருண்டது. புலவர் கத்தரிக்காயைப் பாடி முடிக்கும்போது சாதம் விறைத்துவிட்டது. ராஜா இரண்டு வாய் வைப்பார், தள்ளிவிடுவார். அடுத்த வேளையும் அதே கதை.

அடித்தட்டில் மயிலேறி சமையற்காரர் மீராசாவோடு அடுப்பங்கரையிலேயே குடியிருந்தான். கப்பல் அங்கே அவ்வளவாக ஆடவில்லை. அடுப்புப் புகை போகிற கூண்டு ராஜாவின் ஜன்னலை ஒட்டித்தான் மேலே ஏறியது. ராஜாவுக்குப் புகை படாமலிருக்க, கூண்டை ஜன்னல் பக்கம் மூடிவைத்திருந்தார்கள். அந்த மூடியைக் கீழிருந்தே கயிற்றால் இழுத்துத் திறக்கலாம்.

ஒரு நாள் மத்தியானம் மயிலேறி மீராசாவிடம் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னான். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, பூண்டை நசுக்கித் தாளித்து, குழம்பு தளதளவென்று கொதிக்கிற நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்தான். மணம் கூண்டு வழியே ராஜாவின் ஜன்னலுக்கு ஏறியது.

கொஞ்ச நேரத்தில் ஏணியில் ஓர் உருவம் இறங்கியது. தலையோடு காலாகச் சால்வை. ஆனால் கால்விரலில் வைர மோதிரம். துடுப்புக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"கோதண்டத்திடம் சொல்லாதே," என்றார் ராஜா மெதுவாக. "ஒரு பிடி சோறு போடு."

மயிலேறி ஆவி பறக்கிற சோற்றை மண்சட்டியில் வைத்தான். அதன் தலையில் குழம்பை ஊற்றினான். ராஜா கையை நீட்டியதும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மன்னிக்கணும் மகாராஜா. ஒரு தட்டுக்காரர் இன்னொரு தட்டுச் சாப்பாட்டைத் தொடக்கூடாது, பிரதானி உத்தரவு. மேல்தட்டு வேண்டாம், இதுதான் உசத்தி என்று வந்துவிட்டவர் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்."

ராஜா சட்டியைப் பார்த்தார். மயிலேறியைப் பார்த்தார். மறுபடியும் சட்டியைப் பார்த்தார்.

"இதுதான் உசத்தி. கொடுடா."

அந்தச் சமயத்தில்தான் ராஜாவைக் காணோமென்று தேடிக்கொண்டு பிரதானி ஏணியில் இறங்கினார். சொன்னது அவர் காதிலும் விழுந்தது. இவன் சூழ்ச்சி செய்து உங்களை அழைத்துவிட்டான், பந்தயம் செல்லாது என்று குதித்தார்.

"நான் மேலே வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை," என்றான் மயிலேறி. "குழம்புதான் போயிற்று. குழம்பு போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. இரண்டாவது சட்டியும் காலியான பிறகுதான் பேசினார். "ஜெயித்துவிட்டாய். உன் பதவியை யாரும் தொட முடியாது. பரிசாக என் மேல்தட்டு அறையை எடுத்துக்கொள்."

மயிலேறி பதறிப்போய்க் கும்பிட்டான். "ஜெயித்ததற்கா மகாராஜா இந்தத் தண்டனை?"

"அதுவும் சரிதான்," என்று ராஜா பிரதானியின் பக்கம் திரும்பினார். "கோதண்டம், கரை சேரும்வரை மேல்தட்டு உமக்கு. மரியாதைகளில் ஒன்றுகூடக் குறையக்கூடாது."

மறுநாள் மத்தியானம். ராஜாவும் மயிலேறியும் கோரைப் பாயில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சங்கு ஊதினார்கள்.

"பிரதானியின் சாப்பாடு கிளம்புகிறது," என்றான் மயிலேறி. "நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள் மகாராஜா. அவர் வாய்க்கு அது போய்ச் சேருவதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, ராத்திரிக்கு என்ன குழம்பு என்றும் பேசி முடித்துவிடலாம்."