புல் என்று விட்டது

"எட்டு வருஷமாப் பூ பார்த்தாச்சு, அம்மா. ஒண்ணும் ஆகலை" என்றாள் ஓகினு.

மியோரின் பிக்குணி முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"என்ன ஆகணும்?"

ஓகினுவுக்குப் பதில் தெரியும்.

அவளுடைய மகள் தாமா, நாலு வயதில், ஒரு வசந்தத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த மாதமே ஓகினு தலையை மழித்துக்கொண்டு, மலையடியில் இருந்த இந்தச் சின்ன மடத்தில் மியோரினுக்குச் சிஷ்யையாகச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மகளின் திதிக்குப் பேர்போன இடமாகத் தேடிப் போய்ப் பூ கொண்டுவருவாள். ஒரு வருடம் செர்ரி மலை. ஒரு வருடம் ஆற்றங்கரைக் கடுகு வயல். பீச் மரங்கள் பூக்கும் பள்ளத்தாக்குக்கு மூன்று நாள் நடந்தே போனாள். இந்த வருடம் மறுபடியும் செர்ரி மலைக்குப் போய், முந்தின நாள்தான் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

கொண்டுவந்த பூவை ஜாடியில் வைத்து எதிரே உட்காருவாள். மகளின் முகம் கண்முன் வராது. கஞ்சிக் கிண்ணம்தான் வரும்.

"செர்ரி மலையில கால் வைக்க இடமில்லை" என்றாள் ஓகினு. "பாயை விரிச்சுக் குடிச்சிட்டுப் பாடறானுங்க. ஒருத்தன் என் கையில இருந்த கிளையைப் பார்த்துட்டு, எனக்குக் கொடு, பொண்டாட்டி கோபம் தணியும்கிறான்."

"கொடுத்தியா?"

"கொடுத்தேன். முதுகிலே. கிளைதான் உடைஞ்சுபோச்சு."

மியோரின் அடுத்த முள்ளங்கியை எடுத்தாள்.

"யாரும் போகாத இடமா ஒண்ணு சொல்லுங்க, அம்மா. நாளைக்கில்லை, இன்னைக்கே திதி."

"இருக்கே. நம்ம கிணத்துக்குப் பின்னால ஏறினா, வடக்குச் சரிவு."



"அங்கே ஒண்ணும் இல்லை."

"யார் சொன்னா?"

"இந்தக் கை சொல்லுது. நான்தானே தோண்டினேன்!"

ஒரு காலத்தில் அந்தச் சரிவு முழுக்கக் கதகூரி பூக்கும். ஊதா நிறம். தலையைக் குனிந்தபடியே இருக்கும் பூ. அதன் கிழங்கை இடித்துக் கரைத்து வடித்தால் கூவைக்கிழங்கு மாவு போல வெள்ளையாக மாவு இறங்கும். அந்தப் பக்கத்தில் நோயாளிக்கு அதுதான் கஞ்சி. தாமாவின் வயிற்றில் வேறெதுவும் தங்கவில்லை.

கிழங்கோ சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஒரு கைப்பிடி மாவுக்குப் பாதிச் சரிவு வேண்டும். ஓகினு ஒன்பது நாள் தோண்டினாள். பெரியது, சின்னது, பூத்தது, பூக்காதது என்று பார்க்கவில்லை. இலை என்று ஒன்று தெரிந்தால் தோண்டினாள். பத்தாம் நாள் குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டு, "போதும்மா" என்றது.

சரிவும் காலி. குழந்தையும் இல்லை.

அதற்கப்புறம் ஓகினு அந்தப் பக்கம் ஏறியதே இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போதுகூட மலைக்கு முதுகைக் காட்டியே நிற்பாள்.

"போய்ப் பார்" என்றாள் மியோரின்.

"மாட்டேன். மடத்தை விட்டுப் போன்னு சொல்லுங்க, இப்பவே போறேன்."

"சரி, போ."

ஓகினு இதை எதிர்பார்க்கவில்லை. நின்றாள். பிறகு உண்மையாகவே மூட்டையைக் கட்டினாள். இரண்டு உடுப்பு, ஒரு ஜபமாலை, ஒரு மரக்கிண்ணம். எட்டு வருடத்துக்கு அவ்வளவுதான் தேறியது. வாசலுக்கு வந்து கும்பிட்டாள்.

மியோரின் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினாள். மிச்ச முள்ளங்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச தூரம் கூட வரேன். வடக்குச் சரிவு வழியா."

"கீழ்ப்பாதை இருக்கே, அம்மா."

"எனக்கு மேல்பாதைதான் பிடிக்கும்."

வழியனுப்ப வருகிற குருவிடம் எந்தப் பாதை என்று சண்டை போட முடியுமா? ஓகினு பின்னால் ஏறினாள். கண்ணைக் குருவின் குதிகாலிலேயே வைத்திருந்தாள்.

குதிகால் நின்றது.

"காலைத் தூக்கு."

"என்ன?"

"மிதிக்கிறே. தூக்கு."

ஓகினு வைக்கோல் செருப்பைத் தூக்கினாள். அடியில் ஒரு இலை. பச்சையில் ஊதாத் திட்டு. நசுங்கியிருந்தது, ஆனால் அறுபடவில்லை.

தலையை நிமிர்த்தினாள். சரிவெல்லாம் இலை. செடிக்கு ஒன்றே ஒன்று.

எட்டடி தள்ளி ஒரு செடிக்கு மட்டும் இரண்டு இலை. நடுவே ஒரு தண்டு. நுனியில் ஊதாவாக ஏதோ சுருண்டு தொங்கியது.

"வாடிப்போச்சு" என்றாள் ஓகினு.

"வெயில் வரலை" என்றாள் மியோரின்.

உட்கார்ந்தார்கள். மேகம் நகருவதாக இல்லை. மியோரின் முள்ளங்கியை நறுக்கி ஒரு துண்டை நீட்டினாள். ஓகினு வாங்கவில்லை. மியோரினே தின்றாள்.

ஒரு உலை அரிசி வேகிற நேரம் ஆகியிருக்கும். வெயில் வந்தது. தொங்கிய இதழ்கள் ஒவ்வொன்றாக விலகின. பின்னால் வளைந்தன. தலை மட்டும் குனிந்தே இருந்தது.

"கதகூரி விதைபோட்டு ஏழெட்டு வருஷம் ஓரிலைதான்" என்றாள் மியோரின். "ரெண்டாவது இலை வந்தாத்தான் பூ. நீ தோண்டினதுக்கப்புறம் இந்தச் சரிவிலே இதுதான் முதல் பூ."

ஓகினு விரலை மடக்கி வருஷத்தை எண்ணினாள். பிரித்து மறுபடியும் எண்ணினாள்.

"இருக்கவே முடியாது. அந்த வருஷம் நான் ஒண்ணுகூட விடலை. இலை இருந்த எல்லாத்தையும் தோண்டினேன்."

மியோரினின் அங்கி நைந்துபோனது. கையோரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். கறுப்பு நூல். விரற்கடை நீளம். அதைப் பூவுக்குப் பக்கத்தில் மண்ணில் செருகி நிறுத்தினாள்.

"முளைச்ச வருஷம் இது பச்சையா இப்படித்தான், நூல் மாதிரி இருக்கும். பார்த்தியா, அப்போ?"

ஓகினு அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன்" என்றாள் கடைசியில். "எங்கே பார்த்தாலும் இருந்தது. புல்லுன்னு விட்டுட்டேன்."

மியோரின் கத்தியை நீட்டினாள்.

"திதிக்கு நேரமாச்சு. அறு."

ஓகினு கத்தியை வாங்கினாள்.

மதியம் மடத்தில் ஊர்க்காரர்கள் கூடினார்கள். டோஃபுக் கடைக்காரி ஓகுமா முதல் வரிசையில் இருந்தாள். அரிசிக் கொழுக்கட்டை உண்டு என்றால் யார் வீட்டுத் திதியையும் விடமாட்டாள். பூஜைப் பீடத்தைப் பார்த்தாள். மூலையில் பிரிக்காத மூட்டை ஒன்று கிடந்தது. பீடத்தில் ஜாடி, ஜாடி நிறையத் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

"என்னடி ஓகினு இது? வருஷா வருஷம் ஊர் ஊராப் போய்த் தூக்கிட்டு வருவே. இன்னைக்குப் பெத்த பிள்ளைக்கு ஒரு பூ கிடைக்கலையா உனக்கு? எங்கே?"

மணியடிக்கக் கோலை ஓங்கிய மியோரின் அப்படியே நிறுத்தினாள்.

மிதிபட்ட செடிக்கு அணைத்த ஈர மண் இன்னும் ஓகினுவின் விரல் நகத்தில் இருந்தது.

"இருக்கு" என்றாள். "மேலே சரிவிலே, வெயில்ல."